வாசகர் கேள்வி பதில்: பாப்பரசரின் அதிகாரமும் நமது மனச்சான்றும்

கேள்வி: பாப்பரசர் தவறமாட்டார் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்தோம். ஆனால் ஒரு பாப்பரசர் சொன்னதை இன்னொருவர் மாற்றுகிறார். அப்படியானால் எதை நம்புவது?
– வாசகர், உருத்திரபுரம்

பதில்: பாப்பரசர் எதிலும் தவறமாட்டார் என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை. 1870 ஜூலை 18 அன்று முதலாம் வத்திக்கான் சங்கம் வரையறுத்த வழுவா வரம், அவர் கிறிஸ்தவர்கள் அனைவருக்கும் மேய்ப்பரும் ஆசிரியருமாக நின்று, விசுவாசம் அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையைத் திருச்சபை முழுவதும் ஏற்கவேண்டியதென அறுதியிட்டு வரையறுக்கும் வேளைக்கு மட்டுமே உரியது. அதன் பின்னர் அந்த வரம் ஐயத்துக்கிடமின்றிப் பயன்படுத்தப்பட்டது ஒரேயொரு தடவைதான். 1950 நவம்பர் 1 அன்று, மரியன்னை ஆன்மாவோடும் உடலோடும் விண்ணேற்படைந்தார் என்பதைப் பன்னிரண்டாம் பியூஸ் பிரகடனம் செய்தார். ஆவணி 15இல் மடுவுக்கு வண்டி கட்டியும் நடந்தும் போய்ச் சேர்ந்த நம் முன்னோர், அந்தப் பிரகடனத்துக்கு வெகுகாலம் முன்பே அதை நம்பியவர்கள்தான்.

மற்றவை எல்லாம் வெவ்வேறு கனமுடைய போதனைகள். அவற்றுள் சில மாறியிருக்கின்றன. மாறவில்லை என்று மூடிமறைப்பது விசுவாசத்துக்கு எந்த நன்மையும் செய்யாது. 1452இல் ஐந்தாம் நிக்கலஸ், கிறிஸ்தவரல்லாதவர்களை அடிமைப்படுத்தும் உரிமையைப் போர்த்துக்கல் மன்னனுக்கு வழங்கினார். 1560இல் மன்னாரைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர், அத்தகைய ஆணைகளின் நிழலிலேயே கீழைத்தேயக் கடல்களுக்கு வந்தவர்கள். 1839இல் பதினாறாம் கிரகோரி அடிமை வணிகத்தைக் கண்டித்தார். நாடு பிடிப்பதற்கு நியாயமாகக் காட்டப்பட்ட அந்தப் பழைய கொள்கையை 2023 மார்ச்சில் வத்திக்கான் வெளிப்படையாகவே மறுத்தது. சமய சுதந்திரத்தை 1864இல் பிழையான கருத்துகளின் பட்டியலில் சேர்த்த அதே திருச்சபை, 1965இல் அதை மனித மாண்பிலிருந்து பிறக்கும் உரிமையாக ஏற்றுக்கொண்டது. சிறுபான்மையாக வாழும் நமக்கு அந்த மாற்றம் எவ்வளவு பெறுமதியானது என்பதை விளக்கத் தேவையில்லை. மரண தண்டனை ஏற்கத்தகாதது என 2018இல் மறைக்கல்வி ஏடே திருத்தப்பட்டது.

செயற்கைக் கருத்தடை பற்றிய 1968ஆம் ஆண்டுச் சுற்றுமடல்தான் இன்றுவரை ஓயாத சர்ச்சை. பாப்பரசரே அமைத்த ஆய்வுக்குழுவின் பெரும்பான்மையினர் மாற்றத்தைப் பரிந்துரைத்தும் ஆறாம் பவுல் அதை ஏற்கவில்லை. அந்த மடல் வழுவா வரத்தின் கீழ் வெளியிடப்பட்டதன்று. எனினும் அது கனதியான போதனை. வாசித்துப் பாராமலே அதைத் தள்ளிவிடுவது நேர்மையாகாது. அதை முன்வைத்துப் பிள்ளை பெற்றுக் களைத்த ஒரு தாயைப் பழிப்பதும் நேர்மையாகாது.

கேள்வி: ஒரே பாலின இணையர்களை ஆசீர்வதிக்கலாம் என்று பிரான்சிஸ் பாப்பரசர் அனுமதித்தது, திருமணப் போதனையையே மாற்றியதாகாதா?
– வாசகர், முருங்கன்

பதில்: ஆகாது. 2023 டிசம்பர் 18இல் வெளியான ஆவணம், திருமணம் ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் உரியதென்ற போதனையை அப்படியே வைத்துக்கொண்டு, வழிபாட்டுச் சடங்காகவோ திருமணத்தை ஒத்ததாகவோ அமையாத ஓர் எளிய ஆசீரை மட்டுமே அனுமதித்தது. ஆபிரிக்க ஆயர்கள் தங்கள் நாடுகளில் அதை நடைமுறைப்படுத்துவதில்லை எனக் கூட்டாக அறிவித்தனர். உரோமையும் அவர்களுக்கு இடம் விட்டது. ஆசீர் கேட்டு வரும் ஒருவரை வாசலில் நிறுத்தி விசாரிப்பது குருவானவரின் வேலையன்று என்பதே எனது கருத்தும்.

கேள்வி: பாப்பரசரின் போதனையைக் கேள்விக்குட்படுத்தும் கத்தோலிக்கர் திருச்சபைக்குத் துரோகம் செய்கிறார் என்கிறார் எங்கள் பங்கு மன்றத்து மூத்தவர் ஒருவர். சரியா?
– வாசகர், சிலாவத்தை

பதில்: சரியன்று. நமது நாட்டிலேயே இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. அமலமரித் தியாகிகள் சபையைச் சேர்ந்த இறையியலாளர் திஸ்ஸ பாலசூரிய அடிகளார், மரியன்னையைப் பற்றி 1990இல் எழுதிய நூலுக்காக 1997 ஜனவரியில் திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார். மரியாளை ஏழைகளோடு நின்ற துணிவுள்ள பெண்ணாக அவர் காட்டியதைவிட, பிறவிப்பாவம் போன்ற கோட்பாடுகள் குறித்து அவர் எழுப்பிய வினாக்களே உரோமையை அதிகம் உறுத்தின. உலகெங்கும் எதிர்ப்பு எழுந்தபின், பேச்சுவார்த்தையின் மூலம் 1998 ஜனவரியில் அவர் மீண்டும் ஏற்றுக்கொள்ளப்பட்டார். அவருடைய முடிவுகள் எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடில்லை. ஆயினும் எழுபது வயதைக் கடந்த ஒரு குருவைத் திருச்சபையின் மிகக் கடுமையான தண்டனையால் தாக்கிய பிறகு உட்கார்ந்து பேசியதை, தண்டிப்பதற்கு முன்பே பேசியிருக்க வேண்டும்.

எதிர்ப்பு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வருவதுமில்லை. 2016இல் பிரான்சிஸ் பாப்பரசரிடம் ஐந்து ஐயங்களை எழுத்தில் கேட்ட நான்கு கர்தினால்மாரும் பழைமை பேணுவோரே. அவர்களை எவரும் துரோகிகள் என்று வெளியேற்றவில்லை. அந்த நிதானம் உங்கள் பங்கிலும் இருக்கட்டும்.

கேள்வி: என் தங்கையின் கணவர் 2009 மே மாதத்தில் காணாமற்போனார். இப்போது நல்ல மனிதர் ஒருவர் அவளைத் திருமணம் செய்ய விரும்புகிறார். ஆயரின் அனுமதியில்லாமல் கோயிலில் எழுத முடியாது என்கிறார் பங்குத்தந்தை. இரக்கத்தைப் பற்றி அவ்வளவு பேசிய பாப்பரசரின் திருச்சபையில் இது என்ன நீதி?
– வாசகி, முழங்காவில்

பதில்: சகோதரி, உங்கள் பங்குத்தந்தை தம் விருப்பத்துக்குத் தடை போடவில்லை. திருச்சபைச் சட்டத்தின் 1707ஆம் இலக்கம், இறப்பை உறுதிசெய்யும் ஆவணம் இல்லாதபோது, வாழ்க்கைத்துணை இறந்துவிட்டார் எனக் கொள்ளலாம் என்று ஆயர் அறிவிக்கும்வரை மற்றவர் மறுமணம் செய்ய முடியாது என்கிறது. எத்தனை ஆண்டுகள் கடந்தாலும், காணவில்லை என்பது மட்டும் போதாது என்றும் அதிலேயே இருக்கிறது. கணவர் உயிரோடு திரும்பினால் இரண்டாவது திருமணம் செல்லாததாகிவிடும் என்பதாலேயே இந்த இறுக்கம்.

ஆனால் அதே சட்டம் சாட்சிகளையும், ஊரார் அறிந்ததையும், மற்ற அடையாளங்களையும் நிறுத்துப்பார்த்து முடிவெடுக்கும் அதிகாரத்தை ஆயருக்குத் தருகிறது. ஐயமும் சிக்கலும் நிறைந்த வழக்கில் உரோமையைக் கலந்தாலோசிக்கவும் சொல்கிறது. இறுதிப் போரில் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் எறிகணைகளுக்கு நடுவே தவறவிடப்பட்டவரின் நிலை, வெளிநாடு போய்த் தொடர்பு அறுந்தவரின் நிலையன்று. அந்த இடமும் அந்த நாட்களுமே ஒரு சாட்சியம். கணக்கில் வராதவர்கள் 1,46,679 பேர் என்று 2011இல் கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு முன் துணிந்து சொன்னவர் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை. அப்படி ஓர் ஆயரைக் கண்ட நமது திருச்சபை, இத்தகைய விண்ணப்பங்களை மேசையில் கிடக்கவிடக் கூடாது.

மிகக் கடினமானது, வட்டுவாகலில் படையினரிடம் கையளிக்கப்பட்டவர்களின் நிலை. மனைவி கடைசியாகக் கண்டது உயிரோடு நடந்துபோன கணவரை. அவர் இறந்தார் என்று அவளை எழுதச்சொல்வது, பொறுப்புக் கூறவேண்டியவர்களை அவளது கையாலேயே விடுவிப்பதாகிவிடும் என்ற அச்சம் நியாயமானது. உங்கள் தங்கையின் கணவர் எந்த வகையில் காணாமற்போனார் என்பதை முதலில் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பழைய திருமணத்தை முறித்துத்தரும்படி கேட்காதீர்கள். 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் எளிதாக்கிய நடைமுறை, தொடக்கத்திலேயே செல்லாதிருந்த திருமணங்களுக்கு உரியது, இது அப்படிப்பட்டதன்று. முழங்காவில் யாழ்ப்பாண மறைமாவட்டத்துக்கு உட்பட்டதாதலால் விண்ணப்பம் அங்கே போகவேண்டும். திருமணப் பதிவின் பிரதி, பொலிஸ் முறைப்பாடு, செஞ்சிலுவைச் சங்கத்திடமும் காணாமற்போனோர் அலுவலகத்திடமும் பதிந்த கடிதங்கள், இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின் வழங்கப்படும் காணாமற்போனமைக்கான சான்றிதழ் கையில் இருந்தால் அது, கணவரைக் கடைசியாகக் கண்டவர்கள் கையொப்பமிட்ட வாக்குமூலங்கள் ஆகியவற்றைச் சேர்த்துப் பங்குத்தந்தையிடம் எழுத்தில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையொப்பம் வாங்குங்கள். பதில் வரத் தாமதமானால் மறைமாவட்டத் திருமண நீதிமன்றத்தை நேரில் அணுகலாம். ஆயர் மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்கவும் உரோமைக்கு மேன்முறையீடு செய்யவும் உங்கள் தங்கைக்கு உரிமை உண்டு.