பஸ் கம்பி, லாட்ஜ் அறை, மருந்துக் கடை: சிஸ்டரிடம் கேட்டவை

வேலூரில் ஒரு மருத்துவமனையின் தொற்றுத் தடுப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ் நான். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பொது இடங்களில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காட்பாடி–பாகாயம் டவுன் பஸ் கண்டக்டர்: சிஸ்டர், நாள் முழுக்கக் கம்பியைப் பிடித்தபடி நிற்கிறேன். அதில் அந்தக் கிருமி இருக்குமா?

இருக்கலாம் தம்பி. தோலிலும் மூக்கிலும் வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா, காய்ந்த பரப்பில் 7 நாள் முதல் 7 மாதம் வரை தாக்குப்பிடித்ததை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். எம்.ஆர்.எஸ்.ஏ. என்பது அதில் மருந்துக்கு அடங்காத வகை. ஆனால் கம்பியில் இருப்பது தானாக உங்கள் உடம்புக்குள் போய்விடாது. காயத்துக்கும் மூக்குக்கும் வாய்க்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பது கைதான். அதனால் நோட்டு எண்ணும்போது விரலை நாக்கில் தொடுவதை முதலில் விடுங்கள். கம்பியைவிட எனக்கு அதுதான் பயம்.

காட்பாடி கல்லூரி மாணவி: மருந்துக்கே சாகாத கிருமி சோப்புக்குச் சாகுமா மேடம்?

நல்ல கேள்விம்மா. ஆன்டிபயாடிக் கிருமியின் உடலில் ஏதாவது ஓர் இடத்தைக் குறிபார்த்துத் தாக்கும். கிருமி அந்த இடத்தை மாற்றிக்கொள்ளும், இல்லையென்றால் மருந்தையே வெட்டிப்போடும் நொதியைத் தயாரிக்கும். சோப்பும் சானிடைசரும் அப்படி இல்லை. சோப்பு அழுக்கோடு சேர்த்துக் கிருமியைக் கழுவித் தள்ளுகிறது. 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள சானிடைசர் அதன் புரதத்தையே குலைத்துவிடுகிறது. 20 விநாடி தேய்த்துக் கழுவினால் எந்தக் கிருமியானாலும் பெரும்பகுதி போய்விடும். சாதாரண சோப்பே போதும். 'கிருமிநாசினி' என்று விளம்பரம் செய்யும் சோப்புக்கு அதிகக் காசு கொடுக்க வேண்டாம்.

காந்தி ரோடு லாட்ஜ் மேலாளர்: எங்களிடம் தங்குவதில் பாதிப் பேர் ஆபரேஷன் முடிந்து வந்தவர்கள். அறையைத் தினமும் துடைக்கிறோம். வேறென்ன செய்யணும் சிஸ்டர்?

துடைப்பது சரி சார், எந்தத் துணியால்? நான் பார்த்த லாட்ஜ்களில் பையன் பாத்ரூம் குழாயைத் துடைத்த துணியை ஒரு தடவை பிழிந்துவிட்டு, அதாலேயே தண்ணீர் ஜாடி வைக்கிற மேசையையும் துடைப்பான். அதற்குத் துடைக்காமலே விட்டிருக்கலாம். பாத்ரூமுக்குத் தனி நிறத்தில் துணி கொடுங்கள். அறையை முதலில் முடித்துவிட்டு, கழிப்பறையைக் கடைசியில் தொடச் சொல்லுங்கள்.

தினமும் சோப்புத் தண்ணீர் போதும். ஆள் காலி செய்ததும், சோப்புத் தண்ணீரால் துடைத்த பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் போடுங்கள். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அந்த அழுக்கோடு தீர்ந்துபோகும். 10 லிட்டர் வாளிக்குச் சுமார் 35 கிராம். 10 நிமிடம் ஈரமாக விட்டுவிட்டுத் துடையுங்கள். அன்றன்றைக்குக் கரையுங்கள். மூட்டை திறந்தே கிடந்து வாசனை போன பவுடர் சுண்ணாம்புக்குச் சமம். அப்புறம் முக்கியமான ஒன்று, கழிப்பறை ஆசிட்டோடு இதைக் கலக்கவே கூடாது, விஷவாயு கிளம்பும்.

தரையைவிட கை படுகிற இடங்கள்தான் முக்கியம். தாழ்ப்பாள், ஸ்விட்ச், டிவி ரிமோட், ஃப்ளஷ் பிடி. ரிமோட்டை யாருமே துடைப்பதில்லை. வேண்டுமானால் இன்றைக்கு உங்கள் அறையில் எடுத்துப் பாருங்கள், பட்டன்களுக்கு இடையில் கறுப்பாக இருக்கும்.

குடியாத்தம் மருமகள்: மாமனார் புண்ணில் 'பெரிய மருந்துக்குத்தான் கேட்கும்' என்று கல்ச்சரில் (புண்ணில் எடுத்த மாதிரியில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) வந்திருக்கிறது. வீட்டில் கைக்குழந்தை. அவரைத் தனி அறையில் வைத்துவிடலாமா?

வேண்டாம்மா, ஒதுக்கி வைத்தால் பெரியவர் மனசு உடைந்துவிடும். புண்ணை மூடியே வையுங்கள். கட்டு மாற்றியதும் கையைக் கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். துண்டு மட்டும் அவருக்குத் தனி. அவருடைய துணிகளைச் சுடுதண்ணீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். குழந்தைக்குத் தோலில் கொப்புளம், காய்ச்சல் என்றால் டாக்டரிடம் வீட்டு நிலவரத்தைச் சொல்லிவிடுங்கள்.

சத்துவாச்சாரி ஆட்டோ ஓட்டுநர்: நம்ம ஊர் வெயிலில் கிருமி தாங்குமாக்கா?

நேர் வெயில் படும் இடத்தில் பெரும்பாலும் காய்ந்து சாகும். நிழலில் 42 டிகிரி அதற்கு ஒன்றுமே இல்லை. நம் உடல் சூடு 37 டிகிரிதான் அதற்கு ரொம்பப் பிடித்தது.

சலூன் வாடிக்கையாளர்: பிளேடு புதிதாகப் போடுகிறார், போதுமா?

படிகாரக் கல்லையும் பாருங்கள். எத்தனை முகத்தில் தேய்த்த கல்லோ! வெட்டுப்பட்ட தோலில் அதைத் தேய்க்க விடாதீர்கள்.

ராணிப்பேட்டை வாசகர்: சளிக்கு டாக்டர் சீட்டு இல்லாமலே செஃபிக்சிம் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார் மருந்துக் கடைக்காரர். மூன்று மாத்திரையில் சரியாகிவிட்டது. இதற்கும் நீங்கள் சொல்லும் பஸ் கம்பிக்கும் என்ன சம்பந்தம்?

நேரான சம்பந்தம் சார். சளிக்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். மாத்திரை போடாவிட்டாலும் போயிருக்கும். அந்த மூன்று மாத்திரை உங்கள் குடலில் இருந்த சாதுவான பாக்டீரியாக்களைக் கொன்று, அடங்காதவற்றுக்கு இடம் காலி செய்து கொடுத்தது. அது மலத்தில் போகும், சாக்கடையில் கலக்கும், சரியாகக் கழுவாத கை வழியாகக் கம்பிக்கும் வரும். 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், புதுடெல்லியில் தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51-இலும், குழாய் நீரின் 50 மாதிரிகளில் 2-இலும் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கையே செயலிழக்கச் செய்யும் மரபணு அது.

2014 மார்ச்சிலிருந்து செஃபிக்சிம், மருந்து விற்பனை விதிகளில் உள்ள எச்1 என்ற கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. சீட்டில்லாமல் விற்கக் கூடாது. டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும். அடுத்த தடவை "அண்ணே, என் பேரை அந்த ரிஜிஸ்டர்ல எழுதிட்டீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். மாத்திரை தானாகவே அலமாரிக்குத் திரும்பிவிடும்.