உளவில் அரசு எது, நிறுவனம் எது?

கேள்வி: அரசுகள் ஒன்றையொன்று உளவு பார்ப்பதும், தொழில் நிறுவனங்கள் போட்டியாளரை வேவு பார்ப்பதும் ஒரே செயல்தானா? போட்டி நிறுவனத்தின் ஆண்டறிக்கையைப் படித்துக் குறிப்பெடுத்தால்கூட அது உளவாகிவிடுமா? (வாசகர் ஒருவர், ஈரோடு)

பதில்: இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: ஆகாது. ஆண்டறிக்கை, காப்புரிமை ஆவணம், விளம்பரம் முதலியவை ஊரறிய வெளியிடப்பட்டவை. அவற்றை அலசுவது வணிகத்தில் அன்றாட வேலை. உடையவர் மறைத்துக் காப்பதை அவருக்குத் தெரியாமல் அடைவதே உளவு. இடையில் ஒரு மங்கலான பகுதியும் உண்டு. 2001இல் பிராக்டர் அண்டு கேம்பிள் நிறுவனத்துக்காக வேலை செய்தவர்கள், போட்டியாளரான யூனிலீவரின் குப்பையைக் கிளறித் தகவல் திரட்டியது வெளிவந்தது. தங்கள் விதிகளுக்கே இது முரணானது என்று கருதிய நிர்வாகம், தானாகவே யூனிலீவரிடம் அதைத் தெரிவித்தது. இப்படி ஒப்புக்கொள்வோர் அரிது என்பதாலேயே இது நினைவில் நிற்கிறது.

முதல் கேள்விதான் சிக்கலானது. நோக்கத்தை வைத்துப் பிரிப்பது வழக்கம்: அரசு பாதுகாப்புக்காகவும் நிறுவனம் லாபத்துக்காகவும் உளவு பார்க்கின்றன என்பார்கள். ஆனால் நிறுவனமே அரசின் உளவுக் கருவியாக இருந்தால்? சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி, அரசுகளின் இரகசியச் செய்திகளைச் சங்கேதமாக மாற்றும் இயந்திரங்களை விற்ற நிறுவனம். 1970இல் அமெரிக்காவின் சிஐஏவும் மேற்கு ஜெர்மனியின் உளவுத் துறையும் அதைக் கூட்டாக, மறைவாக விலைக்கு வாங்கின. இந்தியா, பாகிஸ்தான், ஈரான் உட்பட நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்களாக இருந்தன. பல நாடுகளுக்கு விற்ற இயந்திரங்களின் சங்கேத முறை, வாங்கியவருக்குத் தெரியாதபடி பலவீனமாக்கப்பட்டிருந்ததால், பூட்டுக்குக் காசு கொடுத்தவர்கள் மாற்றுச் சாவியையும் எதிராளியின் கையிலேயே கொடுத்தவர்களானார்கள். சோவியத் ஒன்றியமும் சீனாவும் அந்த இயந்திரங்களை நம்பவில்லை.

உண்மை அறியாத ஊழியர்களின் நிலைதான் கொடியது. 1992இல் ஈரானில் கைதான அந்நிறுவன விற்பனையாளர் ஒருவர், விசாரணையில் சொல்வதற்கு எந்த இரகசியமும் தெரியாமலே ஒன்பது மாதம் சிறையிலிருந்தார். பத்து லட்சம் டாலர் கொடுத்து மீட்கப்பட்ட பிறகு வேலையையும் இழந்தார். ஜெர்மனி தொண்ணூறுகளில் விலகிக்கொண்டது. சிஐஏ 2018 வரை தொடர்ந்தது. இவையெல்லாம் விரிவாக வெளிவந்தது 2020 பிப்ரவரியில், செய்தியாளர்களின் கூட்டுப் புலனாய்வால். அந்த இயந்திரங்களை வாங்கிய அதிகாரியைக் கேட்டிருந்தால், தாம் செய்தது சாதாரணக் கொள்முதல் என்றுதான் சொல்லியிருப்பார்.