பட்டறைப் பக்கம்: பட்டாளத்து டிரெய்லரும் கூரைக் கூடாரமும்

கேள்வி: ஐயா, நிபோங் திபால் அருகே ஒரு தோட்டத்துக் கொட்டகையில் பல ஆண்டுகளாகக் கிடந்த இரண்டு சக்கர இராணுவ டிரெய்லர் ஒன்றைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கியிருக்கிறேன். தகட்டில் சான்கி என்ற பெயரும் முக்கால் டன் என்ற குறிப்பும் தெரிகின்றன. இழுக்கும் முனையில் பெரிய இரும்பு வளையம் இருக்கிறது. இதைச் சீர்படுத்தி, கூரைக் கூடாரம், 100 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, குளிர்பெட்டி, அடுப்பு எல்லாம் பொருத்தி, என் ஹைலக்ஸின் பின்னால் கட்டிக்கொண்டு குடும்பத்தோடு கெரிக் பக்கம் முகாமிட ஆசை. எங்கிருந்து தொடங்குவது? – வாசகர், சுங்கை பாக்காப்

பதில்: அடுப்பிலிருந்தும் கூடாரத்திலிருந்தும் தொடங்காமல், காகிதத்திலிருந்து தொடங்குங்கள். 1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தில் மோட்டார் வாகனம் என்ற சொல், மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் வண்டியையும் சேர்த்தே குறிக்கிறது. ஆகவே, இயந்திரம் இல்லாத பெட்டிதானே என்று எண்ணிப் பதிவில்லாமல் நெடுஞ்சாலையில் இழுத்துச் செல்ல முடியாது. விற்றவரிடம் விற்பனைச் சீட்டையும், இராணுவம் ஏலத்தில் கழித்ததற்கான தாள் எதுவும் இருந்தால் அதையும் கேட்டு வாங்கி, தகட்டையும், வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் வெட்டப்பட்ட எண்ணையும் படமெடுத்துக்கொண்டு, முதலில் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரியுங்கள். பதிவு கிடைக்காது என்று தெரிந்தால், அதைத் தோட்டத்துக்குள் மட்டும் வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா என்று கைக்காசு கரைவதற்கு முன்பே முடிவு செய்துவிடலாம். அந்தத் தகட்டின் மேல் தயவு செய்து யாரையும் சாயம் பூச விடாதீர்கள்.

இனி வண்டிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் பாதிக்கு மேல் பெட்டியின் மேலே என்ன ஏறப்போகிறது என்பதே இருக்கிறது. பெட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பற்றி அந்த வளையத்தைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. பழைய இராணுவ டிரெய்லரில் சீர்படுத்த வேண்டியது அடிப்பகுதிதான். சேசிஸை முதலில் அழுத்த நீரால் கழுவிக் காயவைத்து, ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களிலும், முன்புறத் தண்டு பெட்டியின் சட்டத்தோடு சேரும் மூலைகளிலும் கம்பித் தூரிகையால் தேய்த்து, வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பைக் காட்ட ஒரு பழைய பட்டறை வழி உண்டு. ஐயமுள்ள இடத்தில் மண்ணெண்ணெய் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு, மேலே சுண்ணக்கட்டியைத் தேய்த்து வையுங்கள். வெடிப்புக்குள் இறங்கிய எண்ணெய் மெல்லக் கசிந்து சுண்ணத்தில் ஒரு கோடாக எழுந்து நிற்கும். அப்படி ஒரு கோட்டைக் கண்டால் மேலோட்டமாக வெல்டிங் வைத்து மூடாமல், வெடிப்பின் முனையில் சிறு துளையிட்டு, பள்ளம் தோண்டி நிரப்பச் சொல்லுங்கள்.

சான்கி டிரெய்லரை பிரிட்டிஷ் இராணுவம் லேண்ட் ரோவருக்குப் பின்னால் இழுத்தது. சக்கரங்களும் லேண்ட் ரோவரின் சக்கரங்களே என்பதால், ஒரே மாற்றுச் சக்கரம் இரண்டுக்கும் பயன்பட்டது. இந்த ஏற்பாட்டின் அருமை காட்டுக்குள் டயர் வெடித்த பிறகுதான் புரியும். உங்கள் ஹைலக்ஸின் சக்கரம் 139.7 மில்லிமீட்டர் வட்டத்தில் 6 போல்ட் கொண்டது. லேண்ட் ரோவர் சக்கரமோ 165.1 மில்லிமீட்டர் வட்டத்தில் 5 போல்ட் கொண்டது. ஆகவே ஒன்றின் சக்கரம் மற்றதற்குப் பொருந்தாது. நடுவில் தகடு வைத்து இணைக்கும் பொருள் கடையில் கிடைக்கிறது, ஆனால் அது சக்கரத்தை வெளியே தள்ளிப் பேரிங்கின் சுமையைக் கூட்டுவதால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை. செலவானாலும் 6 போல்ட் ஹப்பை, அதாவது சக்கரத்தைப் பூட்டும் நடுக்குடத்தை, பொருத்தும் அச்சாக மாற்றிவிடுங்கள். அந்த மாற்றத்தையும் பதிவின்போதே இலாகாவிடம் சொல்லிவிட வேண்டும்.

அடுத்து எடை. பலரும் தடுமாறுவது இங்கேதான். முக்கால் டன் என்பது பிரிட்டிஷ் கணக்கில் ஏறத்தாழ 760 கிலோ. நீங்கள் ஏற்றப்போவதைக் கூட்டிப் பார்ப்போம்: 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, கூடாரம் 60 கிலோ அளவில், குளிர்பெட்டியும் பேட்டரியும் சேர்ந்து 70 கிலோ அளவில், எரிவாயுத் தோம்பு 30 கிலோவுக்குள், சாப்பாட்டுச் சாமான்கள் 50 கிலோ, மொத்தம் 300 கிலோவைச் சுற்றித்தான் வரும். தாங்கும் சுமையில் பாதிகூட இல்லையே என்று மகிழ வேண்டாம். வெடிமருந்துப் பெட்டிகளுக்காகக் கட்டிய ஸ்பிரிங் இந்தச் சுமைக்கு வளையவே வளையாது. செம்மண் பாதையின் அலையலையான மேடுகளில் வண்டி தவளையைப் போலத் துள்ளும். குளிர்பெட்டியின் கீல் கழன்று, தொட்டியின் இணைப்பு வெடித்து, மூன்றாம் நாளில் எல்லாம் ஈரமாகிவிடும். ஆகவே ஸ்பிரிங் கட்டின் முதன்மைப் பட்டையையும் அதைத் தழுவி நிற்கும் இரண்டாம் பட்டையையும் தொடாமல், கீழ்ப்பட்டைகளில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துவிட்டு, யு வடிவ போல்ட்டுகளைப் புதிதாகப் போடுங்கள். எடுத்த பட்டைகளைத் தூக்கி எறியாமல், எந்தப் பக்கத்துப் பட்டை என்று எழுதிக் கொட்டகையில் வையுங்கள். வேலை முடிந்ததும் பழைய இரும்புக் கடையின் எடைமேடையில் வெறும் வண்டியை ஏற்றிப் பாருங்கள். இரும்புப் பெட்டி நீங்கள் எண்ணுவதைவிடக் கனமானது. சுமையோடு சேர்ந்த எடை ஹைலக்ஸ் இழுக்க அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்க வேண்டும்.

மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இழுவளையத்தின் மேல் அழுத்த வேண்டும். குளியலறை எடைக்கருவியில் ஒரு மரக்கட்டையை நிறுத்தி அதன்மேல் வளையத்தை வைத்தால் இது தெரிந்துவிடும். 100 கிலோவைத் தாண்டும் என்று தோன்றினால் கருவியின் வரம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். முன்பாரம் குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடத் தொடங்கும். ஒருமுறை ஆடத் தொடங்கிய டிரெய்லரை அடக்குவது கடினம். அதனால் தண்ணீர்த் தொட்டியைத் தாழ்வாக, அச்சுக்குச் சற்று முன்னால் படுக்க வையுங்கள். தொட்டி காலியாகும்போது முன்பாரமும் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

கூரைக் கூடாரத்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. உயரமான சட்டம் கட்டி அதன்மேல் 60 கிலோவை வைத்தால், பக்கவாட்டுச் சரிவில் டிரெய்லர் புரள்வதற்கு நீங்களே வழி செய்துகொடுத்தது போலாகும். குழந்தைகள் மண்ணில் படுக்கக்கூடாது என்று வீட்டில் வற்புறுத்தினால், பெட்டியின் விளிம்போடு ஒட்டிய தாழ்ந்த மூடியில் அதைப் பொருத்துங்கள்.

அந்த வளையத்தை அறுத்துவிட்டு 50 மில்லிமீட்டர் பந்து இணைப்பைப் பொருத்தச் சொல்லும் பட்டறைகள் உண்டு. செய்யாதீர்கள். வளையமும் அதற்குரிய கொக்கியும் சாலையில் கடகடவென்று சத்தம் போடும் என்பது உண்மைதான். ஆனால் ஹைலக்ஸ் ஒரு பக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாயும் பள்ளத்தில் பந்து இணைப்பு தன் எல்லையை முட்டி வளையும் இடத்தில், கொக்கி தளர்வாக இடம் கொடுத்துவிடும். கொக்கியை பம்பரில் அல்லாமல், சேசிஸ் சட்டங்களோடு சேர்த்துப் போல்ட் போடுங்கள். வளையத்தின் உட்புறம் தேய்ந்து ஒரு பக்கம் மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

இந்த வகை டிரெய்லரில், இழுக்கும் வண்டி வேகம் குறையும்போது பின்னால் வரும் பாரம் முட்டுவதாலேயே பிடிக்கும் பிரேக் இருக்கிறது. ஏற்றத்தில் பின்னோக்கி வரும்போதும் அது பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கும் நெம்பு துருவில் இறுகியிருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். இல்லாவிட்டால் ஒற்றையடிப் பாதையில் திரும்ப முடியாமல் நிற்பீர்கள்.

கேள்வி: என்னிடமும் ஓர் இராணுவ டிரெய்லர் இருக்கிறது. கிரைண்டர் போட்டுச் சாயம் முழுவதையும் எடுத்துவிட்டு, துத்தநாகக் குளியலுக்கு அனுப்பலாம் என்று இருக்கிறேன். சரியா? – வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: கிரைண்டரைக் கீழே வையுங்கள். பழைய சாயங்களில் ஈயமும், அடிப்பூச்சில் குரோமேட்டும் இருக்கக்கூடும். அந்தத் தூள் அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் பறந்தால் உங்களுக்கு மட்டுமன்றிப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் தீங்கு. தகுந்த முகமூடியோடு ஈரமாகத் தேய்த்தோ, சாயம் நீக்கும் பசை பூசிச் சுரண்டியோ எடுங்கள். அல்லது மணல் வீச்சு செய்யும் பட்டறையிடம் விட்டுவிடுங்கள்.

துத்தநாகக் குளியல் நல்லதே, ஆனால் சேசிஸுக்கு மட்டும். சுமார் 450 டிகிரியில் உருகிய துத்தநாகத்தில் முக்கும்போது பெட்டியின் மெல்லிய தகடுகள் கோணிவிடும். அடைபட்ட குழாய்ச் சட்டத்தில் ஈரமும் காற்றும் சிக்கியிருந்தால் அது வெடிக்கவும் செய்யும். அதனால் ஒவ்வொரு குழாயிலும் காற்றுத் துளை இருக்க வேண்டும். தொட்டி, பேட்டரி, கூடாரம் ஆகியவற்றுக்கான தாங்கிகள் எல்லாவற்றையும் குளியலுக்கு முன்பே வெல்டிங் செய்து முடியுங்கள். பிறகு செய்தால் பூச்சு எரிந்து போவதோடு, எழும் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே காய்ச்சலும் குளிரும் வரும். என் பட்டறையில் இதை அனுபவித்தவன் நான். பெட்டிக்கு எபாக்சி அடிப்பூச்சு போதும். உங்களைவிட எங்கள் பினாங்குக் கடற்காற்றுக்கு அது இரண்டு கை தேவை.

கேள்வி: இராணுவ டிரெய்லர் தண்ணீரில் மிதக்கும் என்கிறார்கள். ஆற்றைக் கடக்கலாமா? – வாசகர், தெலுக் பஹாங்

பதில்: இரண்டாம் உலகப் போரில் ஜீப்புக்குப் பின்னால் சென்ற பாண்டம் கால் டன் டிரெய்லர் மிதக்கும்படியாகவே செய்யப்பட்டது, அடித்தகட்டின் வடிகால் துளைகளுக்கு மூடிகள் உண்டு. மிதக்கிறது என்பது நமக்கு நல்ல செய்தி அன்று. ஓடும் ஆற்றில் மிதக்கும் டிரெய்லர் நீரோட்டத்தின் பக்கம் திரும்பி, உங்கள் வண்டியின் பின்பகுதியையும் இழுத்துச் செல்லும். நீர் தேங்கிய இடத்தில் மூடியைப் போடுங்கள். ஓட்டமுள்ள இடத்தில் மூடியைத் திறந்து, பெட்டிக்குள் நீர் புகவிட்டுக் கடப்பதே நல்லது.

இன்னொன்று: வேகமாக ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ஓரச் சீல் வழியே தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். கரையில் கால் மணி நேரமாவது நின்று சூடு தணிந்த பிறகு இறங்குங்கள். வீடு திரும்பியதும் ஹப்பைத் திறந்து கிரீஸைப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறமாகியிருந்தால் பேரிங்கைக் கழுவிப் புதுக் கிரீஸ் அடைத்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கிப் பின் சற்றுத் தளர்த்தி, நட்டு கழலாமல் தடுக்கும் ஊசியைப் புதிதாகப் போட்டுப் பூட்டுங்கள். வீட்டில் நிறுத்தும்போது மூடியைக் கழற்றி, வடிகால் பக்கம் தாழ்ந்திருக்குமாறு வையுங்கள். மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு முட்டையிட்டால் சுகாதார இலாகா அபராதச் சீட்டோடு வரும்.

கேள்வி: விளக்குகள் மங்கலாக எரிகின்றன. வயரிங் போய்விட்டதா? – வாசகர், பட்டர்வொர்த்

பதில்: வயரிங்கை அறுக்கும் முன் பல்பின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். இராணுவ வண்டிகள் பலவும் 24 வோல்ட். உங்கள் வண்டி 12 வோல்ட். 12 வோல்ட் பல்பு போட்டும் மங்கலாகவே இருந்தால், மின்சாரம் இழுவளையத்தின் துரு வழியே திரும்புகிறது என்று பொருள். பிளக்கிலிருந்து சேசிஸ் வரை தனியாக ஒரு எர்த் வயர் இழுத்துவிடுங்கள்.