மண்டபம் பழையது, புல்வெளி புதியது

கேள்வி: மதுரையில் எங்கள் தெருமுனையில் பல ஆண்டுகளாக ஒரு கல்யாண மண்டபம் இயங்கி வருகிறது. அதன் உரிமையாளர் பக்கத்துக் காலி மனையையும் வாங்கி, புல்தரை விரித்து, திறந்தவெளி மேடை அமைத்து, வரவேற்பு, பிறந்தநாள், டி.ஜே. நிகழ்ச்சிகளுக்கு வாடகைக்கு விடப்போவதாகப் பேனர் கட்டியிருக்கிறார். அந்த மனையின் மதிலை ஒட்டி நான்கு வீடுகள் உள்ளன. அண்மையில் அங்கு நடந்த இரு நிகழ்ச்சிகளின்போது இரவு பதினொன்றரை வரை எங்கள் பீரோ கதவு அதிர்ந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் புகை மாடியில் காயப்போட்ட துணிகளில் படிந்தது. கேட்டால், ‘மண்டபத்துக்கு லைசென்ஸ் இருக்கிறது’ என்கிறார். தங்கள் வீட்டுக் கல்யாணமே அங்குதான் நடந்தது என்பதால் தெருவில் சிலர் எதிர்க்கத் தயங்குகிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: தயங்குபவர்களிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: நீங்கள் மண்டபத்தை மூடச் சொல்லவில்லை, அதன் விரிவாக்கத்தைத்தான் எதிர்க்கிறீர்கள். இந்த வேறுபாடு தெருவில் ஒற்றுமைக்கு மட்டுமல்லாமல் சட்டத்துக்கும் முக்கியம். ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-இன்படி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக்கூடாது. உள்ளேயிருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி மூடிய அரங்குகளிலும் விருந்துக் கூடங்களிலும் பயன்படுத்துவதற்கு விலக்கு உண்டு. நான்கு சுவரும் கூரையும் உள்ள பழைய மண்டபம் இந்த விலக்கைக் கோரலாம்; வானம் பார்த்த புல்வெளி கோர முடியாது. ‘மைக் போடவில்லை, செண்டை மேளம்தானே’ என்ற சமாதானமும் எடுபடாது, ஏனெனில் விதியில் இசைக்கருவிகளும் சேர்க்கப்பட்டுள்ளன. ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தரக்கூடிய தளர்வு பண்பாட்டு, சமய விழாக்களுக்கானது; ஒருவர் வீட்டுப் பிறந்தநாள் அதில் வராது.

இரவு பத்துக்கு முன்பு எவ்வளவு சத்தமும் போடலாம் என்ற எண்ணம் உரிமையாளர்களிடம் மட்டுமல்ல, காவல் நிலையங்களிலும் பரவலாக உண்டு. அது தவறு. குடியிருப்புப் பகுதிக்கான அளவு பகலில் 55 டெசிபல், இரவில் 45. தனியார் இடத்து ஒலியமைப்பு, அந்த இடத்தின் எல்லையில் இவற்றை 5 டெசிபலுக்கு மேல் தாண்டக்கூடாது. அதாவது உங்கள் மதிலோரத்தில் மாலை ஏழு மணிக்கே 60-க்கு மேல் போனால் மீறல்தான். கைப்பேசிச் செயலி காட்டும் அளவை அதிகாரிகள் ஏற்க வேண்டியதில்லை என்றாலும், தேதி, நேரம், அளவு குறித்த குறிப்பேடும் காணொலியும் இருந்தால், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நேரில் வந்து அளக்கச் சொல்லி மனு கொடுக்க வலுவான காரணம் கிடைக்கும்.

இனி லைசென்ஸ். பழைய கட்டடத்துக்குப் பெற்ற உரிமம் பக்கத்து மனைக்குத் தானாக நீளாது. மனை எந்த நிலப் பயன்பாட்டு வகையில் இருக்கிறது, மேடைக்கும் கழிப்பறைக்கும் திட்ட அனுமதி பெறப்பட்டதா, வாகன நிறுத்தத்துக்கு வரைபடத்தில் எங்கே இடம் காட்டியுள்ளனர் ஆகிய மூன்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மாநகராட்சியிடமும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திடமும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். புதிய புல்வெளி, பழைய மண்டபத்தின் கார் நிறுத்துமிடத்தை விழுங்கியிருந்தால் அது தனி மீறல். உங்கள் கையில் கிடைக்கக்கூடிய மிகப் பெரிய சான்று பெரும்பாலும் அதுவாகவே இருக்கும். அனுமதியில்லாக் கட்டுமானத்தை நிறுத்தவும் அகற்றவும் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-இன் 56, 57-ஆம் பிரிவுகள் அதிகாரம் அளிக்கின்றன. பணி முடிந்து முன்பணம் வாங்கிய பிறகு அதே அதிகாரி ‘பாவம், புக்கிங் ஆகிவிட்டது’ என்பார். எனவே கட்டுமானத்தை நிறுத்தக் கோரும் மனு இந்த வாரமே போக வேண்டும்.

நிகழ்ச்சி நடக்கும் இரவில் 100 அல்லது 112-ஐ அழையுங்கள். மறுநாள் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது பெறாமல் திரும்பாதீர்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் அதன் நகலுடன் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். இதற்கும் அசையாவிட்டால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆம் பிரிவில் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133), பொதுத் தொல்லையை நீக்கக் கோரிக் கோட்டாட்சியரை அணுகலாம். வழக்கறிஞர் செலவு அதிகமில்லாத, பலரும் மறந்துவிடும் வழி இது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஒலிபெருக்கி வைத்து இரைச்சல் எழுப்புவதை எவரும் அடிப்படை உரிமையாகக் கோர முடியாது என்று தீர்ப்பளித்ததை மனுவில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: நான் சிறிய பார்ட்டி ஹால் நடத்துகிறேன். விரிவுபடுத்த முயன்றதும் குடியிருப்போர் நலச் சங்கம் எதிர்ப்புப் பலகை வைத்துவிட்டது. பிழைப்புக்கு வழியில்லையா?

பதில்: உண்டு. திறந்தவெளிக்குப் பதில் ஒலி கசியாத மூடிய கூடமாகக் கட்டுங்கள். செலவு கூடும், ஆனால் இரவு பத்துக்கு மேல் உங்களைக் காக்கும் விலக்கு அதற்குத்தான் உண்டு. ஜெனரேட்டரை வீடுகள் இல்லாத பக்கம் வைத்து, 1 மீட்டர் தொலைவில் 75 டெசிபல் என்ற வரம்புக்குள் இருக்கும், ஒலித்தடுப்புக் கூண்டுள்ள இயந்திரமாக வாங்குங்கள். ஒலியமைப்பாளரின் பெட்டிகளை உள்ளே விடாமல், அளவுக்கட்டுப்பாடு பொருத்திய உங்கள் சொந்த ஒலியமைப்பையே வாடகைக்குத் தாருங்கள். எச்சில் இலை வண்டி எந்நேரம் வரும் என்பதையும் சேர்த்து எழுதி, வரைபடத்துடன் சங்கக் கூட்டத்துக்கு நீங்களே போங்கள். அனுமதிக்கு விண்ணப்பிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும்.