நாலு மணிப் பசியும் பூனைக்காலிப் பொடியும்

கேள்வி: வயது 58, உயரம் 162 செ.மீ., எடை 86 கிலோ. மத்தியானம் வயிறு நிறையக் கேழ்வரகுக் களி சாப்பிட்டாலும் நாலு மணிக்கு வாய் போண்டாவைத் தேடுகிறது. வயதும் எடையும் கூடினால் மூளையில் ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற ரசாயனம் குறையும், பூனைக்காலி விதைப் பொடி சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்கள். சாப்பிடலாமா?
- வாசகர், பாலக்கோடு

பதில்: வேண்டாம். ஆய்வுகளில் பேசப்படுவது டோபமின் குறைவதல்ல, மூளைச் செல்களில் அதைப் பிடித்துக்கொள்ளும் டி2 ஏற்பிகள் குறைவது. வயதேற ஏற, பத்தாண்டுக்குச் சராசரியாக 10 சதவீதத்தை ஒட்டிக் குறைகின்றன. ஒல்லியானவர்களுக்கும் இதே கதைதான்.

பருமன் விஷயம் இவ்வளவு தெளிவில்லை. அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகம் 2001-இல் பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 40-ஐத் தாண்டிய 10 பேரின் மூளையை, ஏற்பிகளைக் காட்டும் பெட் ஸ்கேனில் பார்த்தது. பி.எம்.ஐ. ஏற ஏற டி2 ஏற்பிகள் குறைவாகத் தெரிந்தன. உங்கள் பி.எம்.ஐ. 32.8. இந்த அளவில் உள்ளவர்களிடம் பின்னர் நடந்த ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஏற்பி குறைந்ததால் அதிகம் தின்றார்களா, தின்றதால் குறைந்ததா என்பதையும் ஸ்கேன் சொல்லாது. எலிகளில் மட்டும் ஒரு துப்பு உண்டு: தீனியை அளந்து போட்டபோது வயதால் வரும் குறைவு மட்டுப்பட்டது.

பூனைக்காலி விதையில் இருப்பது லெவோடோபா, பார்க்கின்சன் நோய்க்குத் தரும் அதே மருந்து. அது டோபமினாக மாறும், ஏற்பியைக் கூட்டாது. பி.பி. மாத்திரையோடு சேர்ந்தால் எழுந்து நிற்கும்போது அழுத்தம் சரிந்து கண் இருட்டும். பொட்டலத்துக்குப் பொட்டலம் அளவும் மாறும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் நாலு மணிக்குக் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் அந்தப் பசிக்கு மாத்திரைதான் காரணம். உடனே 3 ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்துவிட்டு, டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றுங்கள்.

கேழ்வரகு என்றாலே இளைக்கும் என்று நம் பக்கம் நம்புகிறோம். 100 கிராம் மாவில் சுமார் 320 கலோரி, அரிசியைவிடக் கொஞ்சம்தான் குறைவு. புரதம் 7 கிராம்தான். மெல்லாமல் விழுங்குவதால் அளவும் தெரிவதில்லை. உருண்டையைப் பாதியாக்கி, கொள்ளுக் கடைசலைக் கெட்டியாக ஊற்றிக்கொள்ளுங்கள். போண்டாவுக்குப் பதில் அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி. வாரம் 5 நாள் 30 நிமிட வேக நடை. 2 நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி, பத்துப் பத்தாக இருமுறை. அது இல்லாமல் எடை குறைந்தால் தசையும் சேர்ந்து கரையும். 6 மாதத்தில் 4 கிலோ போதும்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. வாந்திக்கு மெட்டோகுளோபிரமைடு தொடங்கியபின் கை நடுங்குகிறது. வயோதிகமா?
- வாசகி, தேன்கனிக்கோட்டை

பதில்: மாத்திரையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அது டி2 ஏற்பிகளை அடைப்பது. வயதால் ஏற்கெனவே குறைந்திருப்பவர்களுக்கு நடுக்கமும் விறைப்பும் சீக்கிரம் வரும். சீட்டோடு இன்றே டாக்டரைப் பாருங்கள். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கும், சிலருக்கு மாதக்கணக்காகும்.