ரோமா சமூகத்தில் இருந்து நாடாளுமன்றம் போனவர்கள் உண்டா? யாராவது ஒருவரின் பின்னணியைச் சொல்லுங்கள்

உண்டு. எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் ஸ்பெயினின் ஹுவான் தே தியோஸ் ராமிரெஸ் எரேதியா. ஐரோப்பாவில் ஜிப்சி என்று பொதுவாகச் சொல்லப்படும் ரோமா மக்களை ஸ்பெயினில் ஹித்தானோ என்பார்கள். எகிப்தில் இருந்து வந்தவர்கள் என்று நினைத்து வைத்த பெயர். உண்மையில் அவர்களின் முன்னோர் வட இந்தியாவில் இருந்து கிளம்பியவர்கள். ஸ்பெயின் ஹித்தானோக்களின் வழக்கில் தண்ணீருக்கு, இந்தியின் 'பானி' போலவே, 'பன்யி' என்று ஒரு சொல் இருக்கிறது.

இவரைப் பற்றி நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பார்சிலோனாவில் வேலை கிடைத்துப் போனபோது, வாடகை வீடு காட்ட வந்த தரகர் ஒரு தெருவைக் காட்டி, "அங்கே ஹித்தானோக்கள் இருக்கிறார்கள், பையைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றார். அந்தத் தெருவில் நான் பார்த்தது நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டிமார்களையும் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளையும்தான். அந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

சரி, அவர் கதைக்கு வருகிறேன். 1942இல் தென் ஸ்பெயினின் காதிஸ் விரிகுடாவை ஒட்டிய புவெர்த்தோ ரியால் என்ற ஊரில் பிறந்தார். ஸ்பெயினில் எல்லோருக்கும் இரண்டு குடும்பப் பெயர் இருக்கும், தந்தை வழி ஒன்று, தாய் வழி ஒன்று. எரேதியா என்பது ஹித்தானோக்களிடையே பரவலாக உள்ள பெயர். பெயரைக் கேட்டவுடனே பலர் ஊகித்துவிடுவார்கள்.

அந்த விரிகுடாவுக்கே ஒரு பழைய காயம் உண்டு. 1749 ஜூலையில் அரசர் ஆறாம் ஃபெர்னாந்தோவின் ஆட்சியில், நாடு முழுக்க ஹித்தானோக்களை ஒரே நேரத்தில் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். ஏறத்தாழ 9,000 பேர். ஆண்களைப் பெண்களிடமிருந்து பிரித்துக் கடற்படைத் தளங்களில் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள். அந்தத் தளங்களில் ஒன்றான லா கர்ராக்கா இதே காதிஸ் விரிகுடாவில்தான் இருக்கிறது.

எரேதியா ஆசிரியர் ஆனார், பார்சிலோனாவுக்குக் குடிபெயர்ந்தார். சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்த பின், 41 ஆண்டுகளில் முதல்முறையாக 1977 ஜூனில் சுதந்திரமான தேர்தல் நடந்தபோது நாடாளுமன்றத்துக்குத் தேர்வானார். அங்கே போன முதல் ஹித்தானோ அவர்தான்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஸ்பெயினின் கிராமப்புறங்களைக் காவல் காப்பது குவார்தியா சிவில் என்ற படை. அதன் 1943ஆம் ஆண்டு விதிநூலில் ஹித்தானோக்களைப் பெயர் சொல்லியே விதிகள் இருந்தன. அவர்களை மிகக் கவனமாகக் கண்காணிக்க வேண்டும், ஆவணங்களைச் சோதிக்க வேண்டும், அங்க அடையாளங்களை ஒப்பிட வேண்டும், என்ன உடுத்துகிறார்கள், எப்படிப் பிழைக்கிறார்கள், எங்கே எதற்குப் போகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும். 'இந்த வகை ஆட்கள்' நிலையாக ஓரிடத்தில் இருப்பதில்லை, குதிரை முதலானவற்றைத் திருடாமல் தடுக்க அவர்களைப் பற்றிய தகவல் எல்லாம் திரட்ட வேண்டும் என்றது இன்னொரு விதி. எரேதியாவுக்கு ஒரு வயது ஆகும் முன்பே அச்சில் ஏறியது அது. அவர் வளர்ந்து, படித்து, பாடம் நடத்தி, தேர்தலில் ஜெயித்து வந்த பிறகும் அந்த விதிகள் அப்படியே இருந்தன. அதாவது சட்டம் இயற்றப் போன மனிதரையே சந்தேகத்தோடு பார்க்கச் சொன்னது அந்த விதிநூல்.

1978 ஜூன் 7ஆம் தேதி அவையில் எழுந்து அந்த விதிகளை நீக்க வேண்டும் என்று வாதாடினார். அப்போது அவருக்கு 35 வயது. அதே ஆண்டில் அவை நீக்கப்பட்டன. அந்த ஆண்டு முடிவதற்குள் வந்த புதிய அரசியல் சாசனத்தின் 14ஆவது பிரிவும் இனத்தின் பெயரால் பாகுபாடு கூடாது என்றது.

முதலில் மையவாதக் கூட்டணியில் இருந்தவர், அப்புறம் சோஷலிஸ்ட் கட்சிக்கு மாறினார். 1986இல் ஸ்பெயின் ஐரோப்பிய சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேர்ந்ததும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் போனார். அங்கேயும் ரோமா மக்களில் அவர்தான் முதல் ஆள். அதன் பிறகு 2004இல் ஹங்கேரியில் இருந்து லிவியா யாரோகா தேர்வானார். ஸ்பெயினில் 2019 ஏப்ரல் தேர்தலில் நான்கு ஹித்தானோக்கள் நான்கு வெவ்வேறு கட்சிகளில் நின்று ஜெயித்தார்கள். அதில் எனக்கு உள்ளபடியே சந்தோஷம். ஒரு சமூகத்தின் குரல் ஒரே மனிதரின் தொண்டையை நம்பி இருக்கக் கூடாது இல்லையா. 2022இல் ஹித்தானோ வெறுப்பு குற்றவியல் சட்டத்திலும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது.

எரேதியாவின் விதிநூல் விவகாரத்தைப் படித்த அன்று அந்தத் தரகர் சொன்னதைத்தான் நினைத்துக்கொண்டேன். விதி போய் எத்தனையோ ஆண்டு ஆகியும், அதே எச்சரிக்கையை அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். உங்களுக்கு ஸ்பானிஷ் தெரிந்தால் அந்த 1978 ஜூன் 7 உரையை நாடாளுமன்றப் பதிவில் தேடிப் படியுங்கள்.