முதலீட்டுக் கேள்வி-பதில்: செக்ரோலையும் பாருங்கள், பேலன்ஸ் ஷீட்டையும் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றியவை. எஸ்டேட்டுகளுக்கு நடுவே வாழ்கிறவர்களுக்கு இது புதிய விஷயம் இல்லை. எல்லாப் பதிலிலும் நான் தேடச் சொல்வது ஒன்றைத்தான்: ஓரிடத்தில் தவறு நடந்தால் அது முதலில் தெரிவது அங்கே வேலை செய்பவருக்கு. அவர் அதைச் சொல்ல முடிகிறதா, சொன்னால் மேலே கேட்கிறார்களா?

சார், ரிட்டயர்மென்ட் பணத்தில் கொஞ்சத்தை வளரும் நாடுகளின் பங்குகளில் முதலீடு செய்யும் ஃபண்டில் போடச் சொல்கிறான் மகன். எனக்கு வங்கதேசத்தில் கார்மென்ட் கட்டடம் இடிந்ததுதான் நினைவுக்கு வருகிறது. போடலாமா?
ஓய்வுபெற்ற ஆசிரியை, குன்னூர்

முதலில் அந்த ஃபண்டின் ஃபேக்ட்ஷீட்டை (பணம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்ற விவரத்தாள்) வாங்கிப் பாருங்கள். இப்படிப்பட்ட ஃபண்டுகள் அளவுகோலாக வைக்கும் எம்எஸ்சிஐ வளரும் சந்தைக் குறியீட்டில் பெரும்பங்கு சீனா, தைவான், இந்தியா, தென் கொரியாவுக்குத்தான். வங்கதேசம் அதில் இல்லை; அதை ஃபிரான்டியர் சந்தை (இன்னும் ஆரம்ப நிலையில் உள்ள சந்தை) என்று தனியாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே தைத்த சட்டையை விற்கும் கம்பெனிகள் வேறு ஃபண்டுகள் வழியாக உங்களிடம் வந்து சேரலாம்.

இடிந்த அந்தக் கட்டடத்தின் பெயர் ராணா பிளாசா; அதை நீங்கள் மறக்காமல் இருப்பது நல்லது. 2013 ஏப்ரல் 23 அன்றே அந்தக் கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அங்கிருந்த வங்கிக் கிளை தன் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மேல் மாடிகளில் தைத்தவர்களையோ மறுநாள் காலையில் வேலைக்கு ஏறச் சொன்னார்கள். சம்பளம் போய்விடுமே என்ற பயத்தில் ஏறினார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அங்கிருந்த ஆலைகளில் சில, வெளிநாட்டு பிராண்டுகளுக்கான தணிக்கையில் தேறியவை. தணிக்கைச் சான்றிதழை மட்டும் காட்டினால் எனக்குப் போதாது என்று நான் சொல்வது இதனால்தான். அதே ஆண்டு பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட, ஆலைப் பாதுகாப்புக்கான அக்கார்டு ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. ஆபத்தான கட்டடத்துக்குள் போக மறுக்கும் உரிமையை அது தொழிலாளிக்குக் கொடுத்தது.

ஐந்தாறு வருடம் தேவைப்படாத பணமாக இருந்தால் ஒரு சிறு பகுதியைப் போடலாம். தொழிலாளர் பிரச்சினை வந்த கம்பெனியை என்ன செய்வீர்கள், கேள்வி கேட்பீர்களா, விற்றுவிட்டுப் போவீர்களா என்று ஃபண்ட் நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். பதிலே வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.

நேரடியாகப் பங்கு வாங்குகிறேன். கம்பெனியின் தொழிலாளர் நிலைமையை வீட்டிலிருந்தே தெரிந்துகொள்ள வழி உண்டா?
கோத்தகிரி வாசகி

உண்டு. சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள கம்பெனிகள், தொழிலாளர், சுற்றுச்சூழல் போன்றவற்றில் தங்கள் பொறுப்பைக் காட்டும் பிஆர்எஸ்ஆர் என்ற அறிக்கையை 2022-23 நிதியாண்டு முதல் கட்டாயம் வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் விதி. ஆண்டறிக்கையோடு வரும். பளபளப்பான முன்பக்கங்களைத் தள்ளிவிட்டு மூன்றாவது (தொழிலாளர் நலன்), ஐந்தாவது (மனித உரிமை) கோட்பாடுகளுக்கான அட்டவணைகளுக்குப் போங்கள்.

நான் முதலில் விரல் வைப்பது 'நிரந்தரம் அல்லாத தொழிலாளர்' என்ற வரியில். நிரந்தரத் தொழிலாளர் எண்ணிக்கை அப்படியே நிற்க, இந்த வரி மட்டும் இரண்டு வருடத்தில் இரட்டிப்பானால் காரணத்தைத் தேடுவேன். அடுத்தது விபத்து எண்ணிக்கை. பெரிய ஆலை வைத்திருக்கும் கம்பெனி, ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எல்லாவற்றிலும் பூஜ்யம் போட்டிருந்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை. புகார் கட்டமும் அப்படித்தான். ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு புகார்கூட இல்லை என்றால், புகார் சொல்ல வழியில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

கோலார் பக்கம் நரசாபுராவில் ஐபோன் தயாரித்த விஸ்ட்ரான் ஆலையில் 2020 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். ஆட்களை வேகமாகச் சேர்த்தார்கள், பெரும்பாலோர் ஏஜென்சி வழியாக வந்தவர்கள். சம்பளம் தாமதமானது, குறைத்தும் வந்தது. கேட்டுக் கேட்டுப் பார்த்து, கடைசியில் ஆலையையே உடைத்தார்கள். சிக்கல் தீரும்வரை புது ஆர்டர் இல்லை என்றது ஆப்பிள். சம்பளம் குறைவான இடத்தில்தான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். 2024-ல் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்ததற்கு முக்கியக் காரணம் சங்க அங்கீகாரம்.

பந்தலூர் பக்கம் 6 ஹெக்டேர் தேயிலைத் தோட்டம் விலைக்கு வருகிறது. 18 தொழிலாளர்கள், அவர்கள் குடியிருக்கும் லைன் வீடுகள் உண்டு. "லேபர் கணக்கெல்லாம் முடிச்சாச்சு" என்கிறார் விற்பவர். நம்பலாமா?
ஊட்டி வாசகர்

வாய்ப்பேச்சை நம்ப வேண்டாம். அந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். கிராஜுவிட்டி என்பது வேலையை விட்டுப் போகும்போது தர வேண்டிய பணிக்கொடை; முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் கூலி. நாள் கூலி 450 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 6,750. இருபது வருடம் உழைத்தவருக்கு 1,35,000. பதினெட்டு பேருக்கும் அதே சர்வீஸ் என்றால் 24,30,000 ரூபாய். இது விலைப் பத்திரத்தில் எங்கேயும் இருக்காது. 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டாலும் இந்த 15 நாள் கணக்கு மாறவில்லை. பிஎஃப் பாக்கி இருந்தால் விற்றவரோடு வாங்கியவரும் சேர்ந்து பொறுப்பு, கைமாறிய சொத்தின் மதிப்பு வரை.

காலையில் பெரட்டு (ஆள் கணக்கு) எடுக்கும் நேரத்துக்குத் தோட்டத்துக்குப் போங்கள். வயதான கொழுந்தெடுப்பவர்களிடம் எந்த வருடம் பேர் பதிந்தீர்கள், அதற்குமுன் அம்மா இங்கேதான் வேலை செய்தாரா என்று பேச்சுவாக்கில் கேளுங்கள். அப்புறம் தொழிலாளர் பேரும் கூலியும் பதியும் செக்ரோலையும் பிஎஃப் சேர்ந்த தேதியையும் ஒப்பிடுங்கள். கிராஜுவிட்டிக்குத் தேவையான ஐந்து வருடம் நிறையும் முன்னே கணக்கு முடித்து, அதே ஆளை மறுபடி புதிதாகச் சேர்த்ததாக எழுதியிருந்தால், அது நாளை உங்கள் தலையில் வந்து விழும் வழக்கு.

லைன் வீடுகளையும் கதவு கதவாகப் பாருங்கள். ஓய்வுபெற்றவர் ஒருவர் இன்னும் குடியிருக்கிறார் என்றால், பெரும்பாலும் அவருடைய கிராஜுவிட்டி வரவில்லை. வீட்டைக் காலி செய்தால்தான் பணம் என்று தோட்டக்காரர் சொல்ல, பணம் வந்தால்தான் காலி செய்வேன் என்று அவர் சொல்ல, வருடக்கணக்கில் இழுக்கும். பாக்கித் தொகையை விலையில் கழித்து, பத்திரப் பதிவுக்கு முன்பே தொழிலாளர் கணக்கில் நேரடியாகப் போட்டு முடியுங்கள். வேலையில் இருப்பவர்களின் சர்வீஸ் அறாமல் தொடரும் என்று எழுதிக் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: அந்தப் பக்கம் ஜென்ம நிலச் சிக்கல் (பழைய ஜென்மிகளின் நிலத்தில் யாருக்கு உரிமை என்ற தகராறு) உண்டு. வக்கீலிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

திண்டுக்கல் பக்கம் நண்பர் நடத்தும் கார்மென்ட் யூனிட்டில் பங்குதாரராகச் சேரக் கூப்பிடுகிறார். ஏற்றுமதி ஆர்டர், பெண்கள் ஹாஸ்டலும் உண்டு.
கொடைக்கானல் வாசகர்

உங்கள் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. 2021-ல் அங்கே ஓர் ஆடை ஆலையின் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். பாலியல் தொல்லை பற்றிய குமுறல்கள் அதன்பிறகுதான் வெளியே கேட்டன. 2022 ஜூலையில் அந்த ஆலைத் துணிகளை அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தம் நடைமுறையில் இருந்ததால் செப்டம்பரிலேயே தடை நீங்கியது. பெண்கள் தலைமையிலான சங்கம், ஏற்றுமதியாளர், வெளிநாட்டு பிராண்டுகள் சேர்ந்து போட்டது அது. தையல் மேஜை அருகிலேயே தொழிலாளர்களுக்குள் கண்காணிப்பாளர்கள் இருப்பார்கள். சங்கம் வந்தால் ஆர்டர் போய்விடும் என்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துச் சொல்கிறேன்.

நண்பரிடம் ஹாஸ்டல் கேட் சாவி யாரிடம், ஞாயிற்றுக்கிழமை பெண்கள் தனியாக வெளியே போகலாமா, புகார் கமிட்டியில் யார் யார் என்று கேளுங்கள். பழைய பாக்கி எதுவும் இல்லை என்று எழுதியும் வாங்குங்கள். உங்கள் ஊர் தெர்மாமீட்டர் தொழிற்சாலையைத் தொடங்கியது பாண்ட்ஸ். கம்பெனி கைமாறியதில் அது இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. பாதரசப் பிரச்சினையில் 2001-ல் மூடினார்கள். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு ஏற்பட்டது 2016-ல்தான்.

எங்கள் குடும்பம் தாயகம் திரும்பியது. இலங்கைத் தோட்டக் கம்பெனிப் பங்குகள் வாங்கலாமா?
கூடலூர் வாசகர்

பாசத்துக்காக வாங்க வேண்டாம். தேயிலையில் செலவின் பெரும்பகுதி கூலி. அங்கே அதை முடிவு செய்வதில் அரசியலுக்குப் பெரிய பங்கு உண்டு. 2021-ல் நாள் சம்பளம் 1,000 இலங்கை ரூபாய் ஆனதே நீண்ட போராட்டத்துக்குப் பிறகுதான். வாங்குவதானால் மறுநடவு செய்கிற, தொழிலாளருக்கு வீடு கட்டித் தருகிற கம்பெனியாகப் பாருங்கள்.

பசுந்தேயிலை வாங்கும் ஃபேக்டரியில் பணம் போடக் கேட்கிறார்கள். வேலைக்கு ஜார்க்கண்ட் ஆட்கள், ஏஜென்ட் மூலம்.
குந்தா வாசகர்

ஏஜென்டுக்குக் கட்டிய பணம்தான் கவனிக்க வேண்டியது. மலேசிய கையுறைக் கம்பெனி டாப் கிளவ்வின் சரக்கை அமெரிக்கா 2020 ஜூலையில் தடுத்தபோது, வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வேலைக்காகக் கடன் வாங்கி ஏஜென்டுகளுக்குக் கட்டியது பெரிய பிரச்சினையானது. கம்பெனி அதைத் திருப்பிக் கொடுத்த பிறகு, 2021 செப்டம்பரில்தான் தடை நீங்கியது. இந்தி தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், முதலாளி பக்கத்தில் இல்லாத நேரத்தில் கேளுங்கள்: இங்கே வர எவ்வளவு கடன்? சம்பளம் யார் கணக்குக்குப் போகிறது? ஏடிஎம் கார்டு யாரிடம்? கார்டுகள் மேஸ்திரியின் பையில் இருந்தால் பணம் போடாதீர்கள்.